சுட்டதைத் தின்ன ஒரு தோட்டா

நானா யாரையும் கேட்காமல் ஒன்றும் செய்ய மாட்டார். கேட்டால் நம்புவார். அடுத்த ஆள் வேறு மாதிரி சொன்னால் அதையும் நம்புவார்.

மலேசியாவில் சுங்கை பட்டாணியில் அவருக்கு நாசி கண்டார் கடை, சோற்றில் குழம்பு ஊற்றித் தருகிற கடை. ஒரு தடவை கடைக்குச் சாயம் அடித்தார். முதலில் பச்சை. மீன் கொண்டுவருகிறவன் பார்த்துவிட்டு, பச்சையைப் பார்த்தால் யாருக்குப் பசி எடுக்கும் என்றான். மறுநாள் மஞ்சள் டின் வந்தது. பாதிச் சுவர் மஞ்சள் ஆனபோது ஒரு டீச்சரம்மா சாப்பிட வந்தார். நீலம்தான் கண்ணுக்குக் குளிர்ச்சி என்றார். சமையல் பக்கம் மஞ்சள், ரோட்டுப் பக்கம் நீலம் என்று வேலை முடிந்தது. தூணுக்குப் பின்னால் பச்சை இன்னும் தெரிகிறது.

அவர் தமிழ் முஸ்லிம். சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் அவர் நானாதான், அண்ணன்தான். பெயர் எனக்குத் தெரியும். எழுதவில்லை. இப்போது அவர் ஜோகூரில் சின்ன மகள் வீட்டில் இருக்கிறார். பெயரை எழுதட்டுமா என்று கேட்டால், அதற்கும் ஜோகூர் முழுக்க ஆள் ஆளாகக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார்.

மெர்போக்கில் அவருக்குக் கொஞ்சம் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, இருந்தது. குலை வெட்டுகிற வேலை எனக்கு. அங்கே காட்டுப்பன்றி வரும். இளங்கன்றைச் சாய்த்துக் குருத்தைத் தின்னும். அதற்காக லைசென்ஸ் எடுத்து ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். விடியும்போது இரண்டு பேரும் போவோம். அவர் சுடுவார். நான் தூக்குவேன்.

பன்றி வந்து நிற்கும். நானா துப்பாக்கியைத் தூக்குவார். பிறகு என் காதுக்குள் பேசுவார்.

"முனியா, சுடட்டுமா?"

"சுடுங்க நானா."

"இப்பவா? கொஞ்சம் திரும்பட்டுமா?"

"சுடுங்க."

"தலையிலயா, நெஞ்சுலயா?"

பன்றி போய்விடும். அவர் துப்பாக்கியை இறக்கிவிட்டு என்னைப் பார்ப்பார்.

"நீ சட்டுனு சொல்லியிருக்கணும்லா."

ஆனால் குறி நல்ல குறி. பன்றி கொஞ்சம் பொறுமையாக நின்றால் விழுந்துவிடும். விழுந்த பிறகு அவர் கிட்ட வர மாட்டார். அவர்கள் மார்க்கத்தில் அதைத் தொடக் கூடாது. லாரிக்கு அந்தப் பக்கம் நின்றுகொள்வார். எங்கள் தாமான் குடியிருப்பில் நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து அறுத்துப் பங்கு போட்டுக்கொள்வோம்.

மறுநாள் காலையில் நான் கடைக்குப் பசியாறப் போவேன். அவரே தே தாரேக் டீ கொண்டுவந்து வைப்பார். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்ப்பார். பக்கத்தில் உட்கார்வார்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு நானா."

"நல்லான்னா?"

"நல்லாத்தான்."

"டே, அந்தக் கறி மேல எனக்கு ஆச இல்ல. அல்லா காப்பாத்தட்டும். நான் சுட்டது எப்படி இருந்துச்சுன்னு சுட்டவனுக்குத் தெரிய வேணாமா? மெத்துனு இருந்துச்சா? நாரு நாரா இருந்துச்சா? ஆடு மாதிரியா, மாடு மாதிரியா?"

நான் யோசித்தேன்.

"பன்னி மாதிரி."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

எனக்குப் பேச வராது. அது அவருக்குப் பெரிய கஷ்டம். அத்தனை வருஷமும் சுட்டார், ஒரு வாய் தின்னவில்லை. சமையல்காரர் வேறு. ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடுகிறவர். மான் சுடலாம் என்றால் இங்கே அதற்குத் தடை.

ஒரு நாள் குலை ஏற்றிக்கொண்டிருந்தபோது சொன்னார்.

"சுட்டத சாப்பிடணும்டா முனியா. ஒரே ஒரு தடவ. அப்புறம் இந்தத் துப்பாக்கிய போலீஸ்கிட்ட குடுத்துட்டு சும்மா இருந்துக்குவேன்."

அதைச் சொல்லும்போது மட்டும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

அவருடைய மாப்பிள்ளை அலோர் ஸ்டாரில் ஒரு ஆபீசில் கிளார்க். அவன்தான் வினையை ஆரம்பித்தான். மத்தியானக் கூட்டத்தில் போனைக் கொண்டுவந்து நானா முகத்துக்கு நேராகப் பிடித்தான். ஆப்பிரிக்கா. பெரிய பண்ணை, முள்ளுக்காடு. காசு கட்டினால் துப்பாக்கி தருகிறார்கள், கூட ஒரு வெள்ளைக்காரர் வழிகாட்ட வருகிறார், மான் சுடலாம். முறுக்கின கொம்போடு ஒரு மான் நின்றது. மாடு உயரம். கூடூ என்று பெயராம். நானா கரண்டியைப் பிடித்தபடி அதையே பார்த்தார். ஒருவன் தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டே இருந்தார். சோறு மிதந்தது. அவன் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு போனான். குழம்புக்கு யார் சண்டை போடுவார்கள்?

பண்ணைக்காரர்கள் ஒரு பயணத்துக்கு மூன்று மிருகம் என்று வைத்திருந்தார்கள். கூடூ ஒன்று. இம்பாலா என்று ஒரு சின்ன மான். மூன்றாவதின் படத்தை மாப்பிள்ளை காட்டினான். வெளியே வளைந்த பல், முகத்தில் மரு.

"பன்னி!" என்றார் நானா. "அங்கயுமா என்னைத் தேடி வந்திருக்கு?"

அக்கா, அதாவது நானாவின் மனைவி, சிரித்துச் சிரித்து அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அத மட்டும் வேணாம்னு எழுது மாப்புள்ள. மெர்போக்ல சுட்டதே போதும்."

பிறகு மார்க்கம் படித்த உஸ்தாஸைப் போய்க் கேட்டார். நானும் மோட்டோவில் பின்னால் உட்கார்ந்து போனேன். உஸ்தாஸ் நிதானமாகச் சொன்னார். குண்டு பட்டுச் செத்தது நமக்கு ஆகாது. உயிர் இருக்கும்போதே கிட்டப் போய்க் கத்தியால் அறுக்க வேண்டும். போவதற்குள் செத்துவிட்டால் விட்டுவிட வேண்டும்.

வாசலுக்கு வந்ததும் நானா செருப்புப் போட மறந்து நின்றார்.

"அது விழுற எடத்துக்கு நான் ஓடணும்."

"ஓடலாம்" என்றேன்.

அவர் தன் வயிற்றைப் பார்த்தார்.

அதற்குள் வெள்ளைக்காரர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். துப்பாக்கி என்னுடையது, தோட்டா எது வேண்டும்? மூன்று படமும் வந்தது. நானாவிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கவே கூடாது.

மாப்பிள்ளை படித்துச் சொன்னான். முதல் தோட்டாவின் குண்டு லேசானது. மூக்கில் ஈயம் தெரியும். வேகமாகப் போய்ப் பட்டதும் நசுங்கிச் சிதறும். இரண்டாவது கனமானது. உள்ளே ஈயம், மேலே செம்பு, இரண்டையும் பிரியாமல் ஒட்டியிருக்கிறார்கள். எலும்பையும் முறித்துக்கொண்டு உள்ளே போகும். மூன்றாவது முழுக்கச் செம்பு. நுனி மட்டும் பூ மாதிரி விரியும். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும்.

நானா மூன்று வெண்டைக்காய் எடுத்து மேசையில் வைத்தார். முதலாவதைக் கரண்டியால் ஒரு போடு போட்டார். விதை என் சட்டை வரைக்கும் வந்தது.

"இது லேசு. கறிக்குள்ள இப்பிடி ஆனா யாரு திம்பா? ரத்தம் கட்டி, ஈயம் கலந்து."

இரண்டாவதைத் தூக்கிப் பார்த்தார்.

"இது கனம். மிருகம் நின்ன எடத்துலயே செத்துடும். நான் போறதுக்குள்ள மையத்து."

மூன்றாவதன் நுனியை நாலாகக் கீறிக் கொதிக்கிற எண்ணெயில் போட்டார். நுனி விரிந்தது. அரிகரண்டியில் தூக்கிக் காட்டினார்.

"பூத்துருச்சு பாரு! இது செம்பு. கறி கெடாது. ஆனா மறுபக்கம் போயிட்டா மிருகம் ஓடிடுமே. ஆப்பிரிக்கா பூரா நான் எங்க தேடுவேன்?"

பக்கத்து மேசையில் இருந்த ஆள் அந்த வெண்டைக்காய் தனக்கு வேண்டும் என்றார். தின்றார். இன்னொன்று கேட்டார். அன்றிலிருந்து கடையில் அது ஒரு கறி ஆகிவிட்டது. "நானா, பெலுரு ரெண்டு போடுங்க" என்று கேட்டு வாங்குவார்கள். பெலுரு என்றால் மலாயில் தோட்டா. போலீஸ்காரர்களே அப்படித்தான் கேட்பார்கள்.

அவருக்கு வேண்டியது மூன்று. கறி கெடக் கூடாது. அவர் போகும்வரைக்கும் உயிர் இருக்க வேண்டும். ஆனால் மிருகம் ஓடிப் போய் எங்கேயோ கிடந்து வதைபடக் கூடாது. மூன்றையும் ஒரே தோட்டாவில் கேட்டார். சாப்பிட வந்தவர்களையெல்லாம் கேட்டார். தட்டில் சோறு போட்டுவிட்டு, குழம்பு ஊற்றுவதற்கு முன்னால் கேட்பார். பதில் சொன்னால்தான் குழம்பு.

மீன்காரன் லேசு என்றான். லேசானது வேகமாகப் போகும், வேகம் இருந்தால் வலி தெரியாது என்றான். அவன் ஒரு காக்காயைக் கூடச் சுட்டதில்லை. நானா அன்றைக்கே லேசு வேண்டும் என்று ஆப்பிரிக்காவுக்குச் செய்தி அனுப்பினார். மறுநாள் சந்தையில் ஆடு அறுக்கிறவர் செம்பு என்றார். செம்பு என்று செய்தி போனது. பல் வைத்தியரம்மா கனமானது என்றார், காரணம் சொல்லவில்லை. அதுவும் போனது.

வெள்ளைக்காரர் கடைசியாக ஒரு பதில் அனுப்பினார். மாப்பிள்ளை தமிழில் சொன்னான்.

"ஐயா, மூணும் என் அலமாரில இருக்கு. நீங்க மொதல்ல வந்து சேருங்கன்றாரு."

"நல்ல மனுஷன்" என்றார் நானா. "ஆனா அவரு எது நல்லதுன்னு சொல்லல பாரு."

ஓட்டப் பயிற்சி மெர்போக்கில் நடந்தது. நான்தான் கூடூ. செம்பனை வரிசையில் போய் நிற்பேன். அந்தக் கடைசியிலிருந்து நானா "டுமீல்" என்று கத்துவார். நான் விழுவேன். கொம்பு வேண்டும் என்று காய்ந்த மட்டை இரண்டைத் தலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார். வைத்துக்கொண்டேன். அவர் ஓடி வருவார். கையில் கத்திக்குப் பதில் குழம்புக் கரண்டி. வந்து மண்டியிட்டு என் தாடையைப் பிடிப்பார்.

"செத்துட்டியா?"

"செத்துட்டேன் நானா."

"எப்ப?"

"நீங்க வாய்க்கால்கிட்ட வர்றப்பவே."

"பொய் சொல்லாத. கொஞ்சம் மூச்சு இருந்திருக்கும்."

"இல்ல நானா."

"ஒனக்கு மனசே கெடையாதுடா. ஒரு நிமிஷம் பொறுத்துச் செத்தா என்ன? எந்திரி, இன்னொரு தடவ."

எறும்பு கடித்தது. நான் செத்துச் செத்து எழுந்தேன்.

ஒரு நாள் அக்கா சோறு கொண்டுவந்தாள். காடியை நிறுத்தி இறங்கியவள் அங்கேயே நின்றுவிட்டாள். நான் மட்டைக் கொம்போடு கிடக்கிறேன். அவள் புருஷன் என் கழுத்தில் கரண்டியை வைத்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார்.

"என்னங்க இது?"

நானா எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டு முடித்தாள். சோற்றுப் பாத்திரத்தை என் வயிற்றின் மேல் வைத்தாள்.

"ஏன் அவ்வளவு தூரத்துல இருந்து சுடுறீங்க? கிட்டப் போயி சுட்டா இவ்வளவு ஓட வேணாம்ல?"

தோட்டாவைப் பற்றி ஊரே பேசியிருக்கிறது. தூரத்தைப் பற்றி ஒரு ஆள் பேசவில்லை.

"கிட்டப் போனா ஓடிடும்ல" என்றார் நானா. குரல் இறங்கியிருந்தது.

"மெதுவாப் போங்க. நான் தூங்குறப்ப அடுப்படிக்கு வந்து முறுக்கு டின்னத் தொறக்குறீங்கல்ல? அப்பிடி."

"அது ஒனக்குத் தெரியுமா?"

"வாங்க சாப்பிட."

நானா அதையும் நம்பினார். செம்பு, கிட்டப் போய்ச் சுடுவது என்று முடிவாகி, சாயந்தரம் வரைக்கும் அப்படியே இருந்தது. சாயந்தரம் ஜித்ராவிலிருந்து ஒரு பழைய பட்டாளத்துக்காரர் வந்தார். மீசை பெரியது. தட்டை நீட்டினார். நானா கேட்டார். கனமான குண்டு, தோள் எலும்பில் அடி, தூரம் பற்றிக் கவலை வேண்டாம் என்றார் மீசை. குழம்பு கிடைத்தது. விமானம் ஏறுகிறவரைக்கும் வேறு யாரும் மாற்றிச் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

மாப்பிள்ளையும் கூடப் போனான். பெட்டியில் பாதி மசாலாத்தூள். அக்கா கட்டிக் கொடுத்தது. விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சரியாத்தான் போறேனாடா?" என்று நானா கேட்டார். "போங்க நானா" என்றேன்.

கடையில் மத்தியானச் சோறு போடும் நேரம் அங்கே காலை. மாப்பிள்ளை வீடியோவில் கூப்பிட்டான். அக்கா போனைக் கல்லாவில் சாய்த்து வைத்தாள். சாப்பிட வந்தவர்கள் தட்டோடு எழுந்து வந்தார்கள். மீன்காரன் ஐஸ் பெட்டியைத் தலையிலிருந்து இறக்காமல் பார்த்தான்.

தூரத்தில் முள் மரத்தடியில் கூடூ. சின்னதாகத் தெரிந்தது. நம் கடையிலிருந்து பஸ் நிற்கிற இடம் வரைக்கும் இருக்கும். நானா மூன்று காலாகக் கட்டிய குச்சிகளின் மேல் துப்பாக்கியை வைத்திருந்தார். உதடு அசைந்தது. யாரையாவது கேட்கிறாரோ என்று நினைத்தேன். பிஸ்மில்லா சொல்லியிருக்கிறார். வெடித்தது.

கூடூ கால் மடங்கி அங்கேயே விழுந்தது.

கடை கத்தியது. அங்கே நானா ஓடினார். மாப்பிள்ளை பின்னால் ஓடினான். எங்களுக்கு வானம் தெரிந்தது. பிறகு மண். பிறகு மாப்பிள்ளையின் மூக்கு. மறுபடி வானம். "ஓடுங்க நானா! கரண்டிய விட்டுட்டு ஓடுங்க!" என்று யாரோ கத்தினார்கள். கரண்டி இங்கேதான் இருந்தது.

படம் நின்றபோது நானா மண்டியிட்டிருந்தார். கையில் கத்தி. இன்னொரு கை கூடூவின் கண்ணைத் தொட்டது.

கத்தியை உறையில் போட்டார்.

வெள்ளைக்காரருக்குச் சந்தோஷம். நல்ல அடி, மிருகத்துக்கு வலியே தெரியாது என்று தொப்பியைக் கழற்றிக் கை கொடுத்தார். நானா துக்க வீட்டில் கை கொடுக்கிற மாதிரி கொடுத்தார்.

"வால் ஆடுச்சு நானா!" என்று மீன்காரன் கத்தினான். "நான் பாத்தேன்! அறுங்க!"

"ஆமா, ஆடுச்சு!" என்றது கடை. "காதும் ஆடுச்சு! இத்தன பேரு பாத்தோம்! சாட்சி சொல்றோம்! அறுங்க நானா!"

எனக்கும் ஆடின மாதிரிதான் இருந்தது. காற்றாகவும் இருக்கலாம். நானா போனைப் பார்த்தார். முகம் முழுக்க வேர்வை. அவர் ஒரு ஆள் சொன்னால் நம்புகிறவர். இங்கே கடை முழுக்கச் சொல்கிறது. அவருக்கு வேண்டியதைத்தான் சொல்கிறது. அக்கா மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"கண்ணத் தொட்டேன்" என்றார். "இமைக்கல."

"நானா, வாலு..."

"நான் இங்க இருக்கேன். நீங்க அங்க இருக்கீங்க. இமைக்கல."

போன் அணைந்தது. மீன்காரன் அப்போதுதான் ஐஸ் பெட்டியை இறக்கினான். அவன் முதுகெல்லாம் நனைந்திருந்தது.

அந்தக் கூடூவை நானாவே சமைத்தார். தான் தொடாத சோற்றுக்குப் பக்கத்தில் நின்று பண்ணை ஆட்களுக்குப் போட்டார். மாப்பிள்ளை படம் அனுப்பினான். ஒவ்வொருவரிடமும் போய், எப்படி என்று கையால் கேட்கிறார். அவர்கள் பாஷை அவருக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் சொன்னார்கள். கண்ணை உருட்டி, நெஞ்சைத் தடவி, விரலை நக்கிக் காட்டிச் சொன்னார்கள். ஒரு கிழவர் எழுந்து ஆடியே காட்டினார். நான் அத்தனை வருஷத்தில் சொல்லாததை அவர்கள் ஒரு வேளையில் சொல்லிவிட்டார்கள். நானா கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தட்டு காலியாக இருந்தது.

இன்னும் இம்பாலா பாக்கி. கடைசி நாள்.

அன்றைக்குக் கடையில் உட்கார இடமில்லை. பட்டாளத்து மீசையும் ஜித்ராவிலிருந்து வந்திருந்தார். தன் பேச்சால்தான் போன தடவை கெட்டது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்.

"என்ன தோட்டா நானா?" என்று போனில் கேட்டான் மீன்காரன். "லேசாப் போடுங்க!"

"போட்டாச்சு" என்றார் நானா.

"எது?"

"போட்டாச்சுப்பா."

பிறகு மாப்பிள்ளை சொன்னான், செம்பு என்று. அறையில் மூன்று தோட்டாவையும் வரிசையாக வைத்து ரொம்ப நேரம் பார்த்தாராம். வெள்ளைக்காரர் வாயைத் திறந்தபோது கையைக் காட்டி நிறுத்திவிட்டாராம்.

அவர் நடக்கவில்லை, ஊர்ந்தார். எங்களுக்கு அவர் செருப்பின் அடி மட்டும் தெரிந்தது. பெரிய வயிறு. முள். அரை மணி நேரம் செருப்பைப் பார்த்தோம். கடையில் ஒருவரும் சாப்பிடவில்லை. வெளியிலிருந்து ஒருவன் சோற்றைப் பொட்டலமாகப் பூங்குஸ் கட்டச் சொல்லிக் கேட்டான். எல்லோரும் சேர்ந்து அவனை உஸ் என்றார்கள். அவன் பயந்து உள்ளே வந்து அவனும் பார்த்தான்.

இம்பாலாக்கள் மேய்ந்தன. கிட்டத்தில், காது மடிப்பு தெரிகிற அளவு கிட்டத்தில்.

வெடித்தது. ஒன்று துள்ளி, கொஞ்ச தூரம் ஓடி, புதரோரம் படுத்தது. தலை நிமிர்ந்திருந்தது.

நானா எழுந்தார். அந்த வயிறு அப்படி எழும் என்று நான் நினைக்கவில்லை.

"ஓடுங்க!" என்று கத்தியது அக்கா. அவள் கத்தி நான் கேட்டதில்லை. "ஓடுங்க, ஓடுங்க, ஓடுங்க!"

கடை மேசையில் தட்டியது. டம்ளர் உருண்டது. போனில் வானம், புல், வானம், ஒரு செருப்பு தனியாக. "செருப்ப விடுங்க!" என்றார் மீசை எழுந்து நின்று. நானும் ஏதோ கத்தினேன். என்னவென்று தெரியவில்லை. தொண்டை வலித்தது.

பிஸ்மில்லா கேட்டது. அல்லாஹு அக்பர் கேட்டது. பிறகு மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும்.

படம் நேரானது. நானா உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. கத்தி சிவப்பாக இருந்தது. மானின் தலையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"இமைச்சுச்சு" என்றார். "என்னைப் பாத்து இமைச்சுச்சு."

மீன்காரன் என்னைத் தூக்கிவிட்டான். நான் கனம். இருந்தாலும் தூக்கினான். அக்கா கல்லாவுக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். எழுந்தபோது முந்தானை ஈரமாக இருந்தது. அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பெலுரு வெண்டைக்காய் சும்மா போட்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி கூப்பிட்டார்கள். அங்கே இன்னும் வெயில். நானா குளித்து, சட்டை மாற்றி, மேசையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் சோறு. குழம்பு கறுத்து, எண்ணெய் மிதந்தது. நடுவில் எலும்போடு ஒரு துண்டு. வாசம் இங்கே வராது. இருந்தாலும் எல்லோரும் மூக்கை இழுத்தார்கள்.

"மொதல்ல சோறு போடாதீங்க நானா, கறிய மட்டும் கடிங்க!" என்றான் மீன்காரன்.

"குழம்புல தொட்டுக்குங்க!" என்றார் மீசை.

"சூடு ஆறட்டும்" என்றது இன்னொரு குரல். "எப்படி இருக்குன்னு உடனே சொல்லணும். நாங்க காத்துக்கிட்டு இருக்கோம்."

நானா துண்டை எடுத்தார். வாய் வரைக்கும் கொண்டுபோனார். நிறுத்தினார். எங்களைப் பார்த்தார். அத்தனை முகம் கண்ணாடிக்குள் அடைத்துக்கொண்டு அவர் வாயைப் பார்த்தது.

கையை நீட்டி, போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டார்.

எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கறுப்பு. மாப்பிள்ளை போனைத் தொடவில்லை. பிறகு சத்தம் வந்தது. எலும்பை உறிஞ்சுகிற சத்தம். நிதானமாக, விட்டு விட்டு. தட்டில் எலும்பு விழுந்தது. அடுத்த எலும்பை எடுக்கிறார் என்று தெரிந்தது.

மீன்காரன் வாயைத் திறந்தான். அக்கா அவனைப் பார்த்தாள். மூடிக்கொண்டான்.

அக்கா போனை அணைக்கவில்லை. கல்லா மேல் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, கரண்டியை எடுத்து, அடுத்து நின்ற ஆளின் தட்டில் சோறு போட்டாள்.